கார்பன் மோனாக்சைடும் நம் இரத்தமும்: ஜான் ஸ்காட் ஹால்டேனின் வாழ்க்கை வழியே ஒரு விளக்கம்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் வாழும் உங்கள் இல்லத்திலோ பணியிடத்திலோ விறகு, கரி, டீசல், சமையல் எரிவாயு ஆகியவற்றுள் ஒன்றேனும் எரியாத நாள் அரிது. எரிபொருள் எரிவதற்குப் போதிய காற்று கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உருவாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை, கண்ணையோ தொண்டையையோ அது உறுத்துவதுமில்லை. ஆகவே, அது சூழ்ந்திருப்பதை நம் புலன்கள் அறிவதில்லை.

இவ்வாயு மனித இரத்தத்தில் என்ன செய்கிறது என்பதைத் தம் உடலையே ஆய்வுக்களமாக்கி அளந்து காட்டியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். அவருடைய வாழ்க்கையை அறிவது, இன்று உங்கள் குடும்பத்தில் ஒருவர் இந்நச்சால் பாதிக்கப்பட்டால் மருத்துவர் ஏன் ஆக்சிஜன் அளிக்கிறார், ஏன் இரத்தப் பரிசோதனை கேட்கிறார், வீடு திரும்பிய பின்னும் ஏன் சில வாரங்கள் கவனிக்கச் சொல்கிறார் என்பவற்றைப் புரிந்துகொள்ள உதவும். நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

உடனடிக் கவனத்திற்கு: கரி, விறகு, எரிவாயு அல்லது என்ஜின் இயங்கிய மூடிய இடத்தில் ஒருவருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மயக்கம் ஏற்பட்டிருப்பின், அவரைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து 108 அவசர ஊர்தியை அழையுங்கள். இப்பக்கத்தைப் பின்னர் படிக்கலாம்.

இளமையும் தொடக்கப் பணியும்

ஹால்டேன் 1860ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அந்நகரின் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் பயின்று 1884இல் பட்டம் பெற்றார். அவர் மருத்துவமனை அமைத்து நோயாளிகளைப் பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. மக்கள் நாள்தோறும் சுவாசிக்கும் காற்று அவர்களுடைய உடல்நலத்தை எவ்வாறு மாற்றுகிறது என்னும் வினாவே அவரை ஈர்த்தது.

டண்டீ நகரில் பணியாற்றிய காலத்தில், ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த ஒற்றை அறை வீடுகளுக்கு அவரும் உடன் பணியாற்றியவர்களும் நள்ளிரவுக்குப் பின் சென்றனர். அனைவரும் உறங்கும் வேளையில் அவ்வறைகளின் காற்றைக் குடுவைகளில் அடைத்து எடுத்துவந்து ஆராய்ந்தனர். பள்ளி வகுப்பறைகளின் காற்றையும், நகரின் கழிவுநீர்க் குழாய்களின் காற்றையும் அவ்வாறே சோதித்தனர். காற்றோட்டமில்லாத அறையில் பலர் உறங்கினால் காற்று எவ்வளவு கெடுகிறது என்பது எண்களாகப் பதிவாயிற்று.

1887இல் ஹால்டேன் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் வாழ்நாளின் பெரும்பகுதி அந்நகரிலேயே கழிந்தது.

தம்மையே சோதித்த அறிஞர்

கார்பன் மோனாக்சைடு இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் சேர்ந்து, அங்கு இருக்கவேண்டிய ஆக்சிஜனை வெளியேற்றிவிடுகிறது என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் கிளாட் பெர்னார்ட் 1850களிலேயே கண்டறிந்திருந்தார். ஆயினும், எவ்வளவு வாயுவை எவ்வளவு நேரம் சுவாசித்தால் மனிதருக்கு என்ன நேரும் என்பது தெளிவாகவில்லை. விலங்குகளைக் கொண்டு மட்டும் இதற்கு விடை காண இயலாது. தலைவலி தொடங்கும் தருணத்தையும் பார்வை மங்கும் தருணத்தையும் எலி எடுத்துரைக்காது.

ஆகவே ஹால்டேன் தாமே அவ்வாயு கலந்த காற்றைச் சுவாசித்தார். குறித்த இடைவெளிகளில் தம் விரலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, அதை நீரில் கலந்து, சிவப்புச் சாயக் கரைசலுடன் நிறத்தை ஒப்பிட்டார். சாதாரண இரத்தம் நீர்த்த நிலையில் சற்று மஞ்சள் கலந்த நிறம் காட்டும். கார்பன் மோனாக்சைடு சேர்ந்த இரத்தமோ இளஞ்சிவப்பாகத் தோன்றும். இவ்வேறுபாட்டைக் கொண்டு, ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டை அந்நச்சு கைப்பற்றியுள்ளது என்பதை அவர் கணித்தார். தமக்கு ஏற்பட்ட உணர்வுகளையும் உடனுக்குடன் குறித்து வைத்தார். இச்சோதனைகளின் முடிவுகள் 1895இல் வெளியாயின.

அவருடைய பதிவுகளில் உங்களுக்கு இன்றும் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. அமைதியாக அமர்ந்திருக்கும்வரை பெரிய தொல்லை எதுவும் தோன்றவில்லை. எழுந்து நடந்தபோதும் படியேறியபோதும் மூச்சு வாங்கியது, இதயம் படபடத்தது, கண் இருண்டது. இரத்தத்தில் நச்சின் அளவு ஏறத்தாழப் பாதியை எட்டியபோது அவரால் நிற்பதே அரிதாயிற்று, சிந்தனையும் தெளிவிழந்தது. ஒருவர் தம் நிலை மோசமாவதை உணரும் வேளையில், அவ்விடத்தை விட்டு நடந்து வெளியேறும் வலிமையை இழந்திருக்கக்கூடும் என்பதே இதன் பொருள். மூடிய அறையில் கரி எரித்து உறங்கியவர்கள் கதவுக்கு அருகிலிருந்தும் தப்ப இயலாமற் போவதற்கு இதுவே காரணம்.

இத்தகைய சோதனையை எவரும் எக்காரணத்திற்காகவும் செய்து பார்க்கக் கூடாது. துணைக்கு ஆய்வாளர்களும் அளக்கும் கருவிகளும் இருந்த நிலையிலும் ஹால்டேன் பெரும் ஆபத்தையே மேற்கொண்டார்.

சுரங்கத்தில் கண்ட உண்மை

1896ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தெற்கு வேல்ஸ் பகுதியிலுள்ள டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு நிகழ்ந்து 57 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்கள் வெடிப்பின் அதிர்ச்சியாலோ தீக்காயத்தாலோ இறந்தனர் என்றே எவரும் கருதக்கூடும். ஹால்டேன் அங்குச் சென்று, இறந்தோரின் உடல்களையும் இரத்தத்தையும் ஆராய்ந்தார். அவர்களுள் பெரும்பான்மையோரின் இரத்தம் கார்பன் மோனாக்சைடால் நிறைந்திருந்தது. வெடிப்பில் உயிர்தப்பியவர்கள், அதன் பின் சுரங்கப் பாதைகளில் பரவிய நச்சுக்காற்றினூடே வெளியேற முயன்று மடிந்தனர் என்பது தெரியவந்தது.

அந்த ஆண்டே அவர் பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கை, சுரங்கப் பாதுகாப்பின் போக்கையே மாற்றியது. வெடிப்பைத் தடுத்தால் மட்டும் போதாது. வெடிப்புக்குப் பின்னும் உயிரோடிருப்போரைக் காக்க வேண்டும் என்னும் நோக்கு வலுப்பெற்றது.

அக்காலத்தில் இவ்வாயுவைக் கண்டறியும் மின்னணுக் கருவிகள் இல்லை. சிறிய உயிரினங்கள் மனிதரைவிட மிக விரைவாகச் சுவாசிப்பதால் நச்சு அவற்றின் இரத்தத்தை விரைவில் நிறைத்துவிடும் என்பதை ஹால்டேன் அளந்திருந்தார். எனவே மீட்புப் பணிக்குச் செல்வோர் எலியையோ கானரி என்னும் சிறு பறவையையோ கூண்டில் கொண்டுசெல்லலாம் என்று அவர் பரிந்துரைத்தார். பறவை தள்ளாடிக் கிளைக்குச்சியிலிருந்து விழுந்தால், மனிதர் திரும்புவதற்கு இன்னும் சிறிது நேரம் இருக்கிறது என்று பொருள். பிரித்தானியச் சுரங்கங்களில் இவ்வழக்கம் 1986ஆம் ஆண்டுவரை நீடித்தது. அதன்பின் கையடக்க மின்னணுக் கருவிகள் அப்பறவையின் இடத்தைப் பெற்றன.

கிணற்றில் விளக்கு இறக்கும் வழக்கம் போதுமா?

கொங்குப் பகுதியின் கிணறுகள் ஆழமானவை. பல, பாறையை வெட்டி இறக்கப்பட்டவை. தூர்வாரவும் மோட்டாரைச் சரிசெய்யவும் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது நல்ல விதியே. ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு தேங்கியிருப்பதை அது காட்டும்.

ஆனால் சுரங்க ஆய்வுகளில் ஹால்டேன் வலியுறுத்திய வேறுபாட்டை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். மனிதரைக் கொல்லப் போதுமான கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றிலும் விளக்கு வழக்கம்போல் எரியும். மிகச் சிறிய அளவிலேயே இவ்வாயு உயிரைப் பறிக்கும் என்பதால், சுடரில் எம்மாற்றமும் தெரிவதில்லை. நீரை இறைப்பதற்காக டீசல் அல்லது பெட்ரோல் என்ஜினைக் கிணற்றுக்குள்ளேயோ அதன் விளிம்பிலோ இயக்கியிருந்தால், எரியும் விளக்கைக் கண்டு இறங்குவது பாதுகாப்பன்று.

ஒருவர் உள்ளே மயங்கி விழுந்தால், அவரைக் காக்க இறங்கும் அடுத்தவரும் விழுகிறார். பெரும்பாலும் அவர் அண்ணனாகவோ மகனாகவோ இருக்கிறார். அன்பினால் எடுக்கும் அம்முடிவு ஒரு குடும்பத்தில் இரு உயிர்களைப் பறிக்கும். முகத்தில் ஈரத்துணி கட்டுவதாலோ சாதாரண முகக்கவசம் அணிவதாலோ இவ்வாயுவைத் தடுக்க இயலாது. என்ஜினை நிறுத்துங்கள், 112 அல்லது 101 எண்ணில் தீயணைப்பு மீட்புப் பணியினரை அழையுங்கள், சுவாசக் கருவி அணிந்தவர்கள் மட்டுமே இறங்கட்டும்.

இரத்தத்தில் நிகழ்வது என்ன?

நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்று உடலெங்கும் கொண்டுசேர்ப்பது சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் ஆகும். ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பிணைப்பு வலிமையுடன் கார்பன் மோனாக்சைடு அதனுடன் இணைகிறது. அவ்வாறு இணைந்த பொருள் கார்பாக்சிஹீமோகுளோபின் எனப்படுகிறது. காற்றில் சிறிதளவே இருந்தாலும், மணிக்கணக்கில் சுவாசிக்கும்போது அது இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போவதற்கு இப்பிணைப்பு வலிமையே காரணம்.

இரத்தசோகையால் ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்த ஒருவர் களைப்புடனாயினும் நடமாடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். கார்பன் மோனாக்சைடு பாதி ஹீமோகுளோபினைக் கைப்பற்றிய ஒருவரோ மயங்கிச் சரிகிறார். இரண்டிலும் இழப்பு பாதிதான் எனில், விளைவு ஏன் வேறுபடுகிறது? இவ்வினாவுக்கான விடை 1912ஆம் ஆண்டளவில் ஹால்டேனின் குடும்பத்திற்குள்ளிருந்தே தெளிவாயிற்று. அவர் தம்முடன் பணியாற்றிய டக்ளஸையும், அப்போது இருபது வயதளவே ஆகியிருந்த தம் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனையும் சேர்த்துக்கொண்டு, ஹீமோகுளோபினுக்காக இவ்விரு வாயுக்களும் போட்டியிடும் விதிகளை ஆராய்ந்தார். கார்பன் மோனாக்சைடு சேர்ந்த இரத்தத்தில், எஞ்சியுள்ள ஹீமோகுளோபின் தான் சுமக்கும் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்கிறது. திசுக்களுக்கு எளிதில் விடுவதில்லை. சரக்கு ஊர்திகளில் பாதி பழுதாகி நிற்க, மீதி ஊர்திகளும் சேருமிடத்தில் சரக்கை இறக்க மறுப்பது போன்ற நிலை இது.

ஆக்சிஜனை மிகுதியாக நாடும் மூளையும் இதயமும் முதலில் தாக்கப்படுகின்றன. கருவிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபினில் இந்நச்சின் அளவு தாயினுடையதைவிட உயரக்கூடும்; அது நீங்குவதற்கும் கூடுதல் நேரம் ஆகும். தாய் நலமாகத் தோன்றினாலும் குழந்தை ஆபத்தில் இருக்கலாம் என்பதால், கர்ப்பிணிகளை எப்போதும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இதயநோய் உள்ளோர், முதியோர், குழந்தைகள், இரத்தசோகை உடையோர் ஆகியோருக்கும் பாதிப்பு மிகும்.

ஆக்சிஜனே மருந்து

நச்சின் செயலை அறிந்த ஹால்டேன், அதை முறிக்கும் வழியையும் தேடினார். அழுத்தப்பட்ட ஆக்சிஜன் நிறைந்த கலத்தில் எலிகளை வைத்தபோது, அவற்றின் ஹீமோகுளோபின் கார்பன் மோனாக்சைடால் நிறைந்திருந்தும் அவை உயிரோடிருந்தன. ஹீமோகுளோபின் உதவாத நிலையிலும், இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்த ஆக்சிஜனே உயிரைத் தாங்கியது. உயரழுத்த ஆக்சிஜன் மருத்துவத்தின் அடிப்படை 1895ஆம் ஆண்டின் இச்சோதனையில் அமைந்துள்ளது.

முதல் உலகப் போரில் 1915ஆம் ஆண்டு நச்சு வாயு பயன்படுத்தப்பட்டபோது, பிரித்தானிய அரசு ஹால்டேனைப் போர்முனைக்கு அனுப்பியது. நச்சுக் காற்றால் மூச்சுத்திணறிய வீரர்களை நேரில் கண்ட அவர், முகக்கவசம் வழியாக ஆக்சிஜனைத் தொடர்ந்து அளிக்கும் கருவியை வடிவமைத்து, அம்மருத்துவ முறையை 1917இல் விளக்கினார். இன்று மருத்துவமனைப் படுக்கையருகே நீங்கள் காணும் ஆக்சிஜன் முகக்கவசத்தின் வரலாற்றில் அவருக்கு முக்கிய இடம் உண்டு.

சிகிச்சையின் கணக்கு எளியது. நச்சு சூழ்ந்த இடத்திலிருந்து வெளியேறி வெறும் காற்றைச் சுவாசித்தால், இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 முதல் 5 மணி நேரம் ஆகும். இறுக்கமான முகக்கவசம் வழியாகத் தூய ஆக்சிஜன் பெற்றால் அது ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமாகிறது. உயரழுத்த அறையில் அரைமணிக்கும் குறைவாகிறது. ஆகவே, சற்றுத் தெளிந்தவுடன் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வீடு செல்ல விரும்பும் நோயாளியைப் பராமரிப்போர் தடுத்துப் பொறுமை கூற வேண்டும். உயரழுத்தச் சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. நினைவிழந்தவர்கள், கர்ப்பிணிகள், இதயப் பாதிப்புள்ளோர் ஆகியோருக்கு அது வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

விரலில் மாட்டும் கருவி ஏன் ஏமாற்றக்கூடும்?

விரல்நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்று பல இல்லங்களில் உள்ளது. அது இரத்தத்தின் நிறத்தைக் கொண்டே கணக்கிடுகிறது. கார்பன் மோனாக்சைடு சேர்ந்த ஹீமோகுளோபினும் செந்நிறமாகவே இருப்பதால், சாதாரணக் கருவியால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவரிடத்தும் அது 98 அல்லது 99 என்று காட்டலாம். அவ்வெண்ணை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

ஹால்டேன் ஒரு துளி இரத்தத்தின் நிறத்தை ஒப்பிட்டுக் கண்டதை, இன்று கோ-ஆக்சிமீட்டர் என்னும் ஆய்வகக் கருவி ஒளியின் பல அலைநீளங்களைக் கொண்டு சில நிமிடங்களில் அளக்கிறது. எந்த இடத்தில், எது எரிந்துகொண்டிருந்தது, எவ்வளவு நேரம் அங்கிருந்தார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். அக்குறிப்பே அவரை இப்பரிசோதனைக்கு இட்டுச் செல்லும். புகைபிடிக்காதவரிடம் இவ்வளவு பொதுவாக 3 விழுக்காட்டுக்குள் இருக்கும். புகைபிடிப்போரிடம் 10 விழுக்காடு வரை செல்லலாம். 10 முதல் 20 விழுக்காட்டில் தலைவலியும், 30 விழுக்காட்டுக்கு மேல் வாந்தி, குழப்பம், மயக்கமும், 50 விழுக்காட்டுக்கு மேல் நினைவிழப்பும் உயிராபத்தும் நேர்வது பொது வழக்கு. ஆயினும் எண்ணும் அறிகுறியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மருத்துவமனையை அடைவதற்குள் அளவு குறைந்துவிடலாம், பாதிப்போ நீடிக்கும்.

தோல் இளஞ்சிவப்பாக மாறும் என்று பலர் கேட்டிருப்பீர்கள். ஹால்டேன் அதை இறந்தோரின் உடல்களில் கண்டார். உயிரோடிருப்போரிடம், குறிப்பாக மாநிறத் தோலில், அது அரிதாகவே தெரியும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பிற்கால வாழ்க்கை

ஹால்டேனின் ஆர்வம் இவ்வொரு வாயுவோடு நிற்கவில்லை. இரத்தத்திலுள்ள கரியமில வாயுவின் அளவே நம் சுவாசத்தைப் பெரிதும் கட்டுப்படுத்துகிறது என்பதை 1905இல் பிரீஸ்ட்லியுடன் இணைந்து நிறுவினார். ஆழ்கடலிலிருந்து மேலேறும் முக்குளிப்போர் எத்தனை நிலைகளில் நின்று ஏற வேண்டும் என்னும் அட்டவணையை 1908இல் வெளியிட்டார். உயர்ந்த மலைகளில் மனித உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய 1911இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் வாரக்கணக்கில் தங்கி ஆராய்ந்தார்.

அவர் பிழையே செய்யாதவரல்லர். நுரையீரல் ஆக்சிஜனைத் தானே முயன்று இரத்தத்திற்குள் சுரக்கிறது என்று அவர் நம்பினார். பிற அறிஞர்களின் அளவீடுகள் அதற்கு மாறாக அமைந்த பின்னும் அக்கருத்தை அவர் கைவிடவில்லை. அக்கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை; கார்பன் மோனாக்சைடைப் பற்றிய அவருடைய கண்டுபிடிப்புகளின் அடிப்படையோ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நிலைத்துள்ளது.

1934இல் அவருக்கு இராயல் கழகத்தின் காப்லி பதக்கம் வழங்கப்பட்டது. எழுபத்தைந்து வயதிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஈரான், ஈராக் நாடுகளின் எண்ணெய் வயல்களில் தொழிலாளர்களைத் தாக்கிய வெப்பநோயை ஆராயப் பயணம் மேற்கொண்டார். திரும்பிய சிறிது காலத்தில், 1936ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நிமோனியாவால் ஆக்ஸ்போர்டில் மறைந்தார்.

அவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் மரபியல் அறிஞராகப் புகழ்பெற்று, 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டின் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். தம் உடலை மருத்துவ மாணவர்களின் கல்விக்காக விட்டுச்சென்றார்.

உங்கள் சூழலில் இவ்வாயு எங்கெல்லாம் உருவாகிறது?

ஹால்டேன் நடந்த சுரங்கங்கள் நம் பகுதியில் இல்லை. ஆயினும் அதே வாயு பின்வரும் இடங்களில் உருவாகக்கூடும்:

• குளிருக்காகக் கணப்புச் சட்டியில் கரி மூட்டிக் கதவடைத்து உறங்கும் அறை அல்லது கூடாரம். வால்பாறை, உதகை, கோத்தகிரி, ஏற்காடு செல்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சுடர் அடங்கிக் கனன்று கொண்டிருக்கும் கரியே மிகுந்த நச்சை வெளியிடுகிறது. அடுப்பில் இறைச்சி சுட்டபின், வெப்பத்திற்காக அதைக் கூடாரத்திற்குள் எடுத்துச் செல்வதும் இவ்வாறே ஆபத்தானது.
• காற்றோட்டமில்லாத குளியலறையில் பொருத்திய கேஸ் கீசர்.
• மின்தடையின்போது வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ இயக்கும் ஜெனரேட்டர். சன்னலைத் திறந்து வைப்பது போதாது. அது வெளியே இருக்க வேண்டும்.
• கதவடைத்த வாகனக் கூடத்தில் இயங்கும் கார் அல்லது இருசக்கர வாகனம். நிறுத்திய காரில் என்ஜினை இயக்கி உறங்குதல்.
• புகைபோக்கி இல்லாத சமையலறையின் விறகடுப்பு.
• பவுண்டரிகளின் உலை அருகே, தேங்காய்த் தொட்டிக் கரி சுடும் குழிகளில், செங்கல் சூளைகளில், கோழிக்குஞ்சுகளுக்கு வெப்பமூட்டக் கரி எரிக்கும் கொட்டகைகளில் பணியாற்றுதல்.

ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் வாந்தியும் ஏற்பட்டால் உணவு நஞ்சாதல் என்றே முதலில் எண்ணத் தோன்றும். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, வெளியே சென்றால் தெளிகிறது, உள்ளே வந்தால் திரும்புகிறது என்றால் இவ்வாயுவை ஐயுறுங்கள்.

பாதிக்கப்பட்டவரைக் கண்டால் செய்ய வேண்டியவை

• முதலில் உங்கள் பாதுகாப்பை உறுதிசெய்யுங்கள். வீட்டு அறையாயின் கதவு, சன்னல்களைத் திறந்து, மூச்சை அடக்கி, இயன்றால் மட்டும் அவரை விரைவாக வெளியே கொண்டுவாருங்கள். கிணறு, குழி, தொட்டி ஆகியவற்றுள் இறங்காதீர்கள்.
• எரிபொருளையோ என்ஜினையோ நிறுத்துங்கள்.
• 108ஐ அழைத்து, எரிவாயு அல்லது கரிப்புகையால் பாதிப்பு என்று தெளிவாகச் சொல்லுங்கள்.
• மூச்சு நின்றிருந்தால், பயிற்சி பெற்றவர் உடனே இதய நுரையீரல் உயிர்ப்பிப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். மூச்சு இருந்து நினைவிழந்திருந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.
• மயங்கியவருக்கு மோர், எலுமிச்சைச்சாறு முதலிய எதனையும் வாயில் ஊற்றாதீர்கள்.
• அவரை நடக்கவோ படியேறவோ விடாதீர்கள். சிறு உழைப்பும் நிலையை மோசமாக்கும் என்பதே ஹால்டேன் தம் உடலில் கண்டது.
• அதே இடத்தில் இருந்த மற்றவர்களும், நலமாகத் தோன்றினாலும், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வீடு திரும்பிய பின்

இரத்தம் தூய்மையடைந்த பின்னும் மூளையில் பாதிப்பு பிற்பாடு வெளிப்படலாம். சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை நலமாக இருந்த ஒருவருக்கு மறதி, கவனக்குறைவு, நடைத் தள்ளாட்டம், கைநடுக்கம், காரணமற்ற எரிச்சல் அல்லது மனச்சோர்வு, சிறுநீர்க் கட்டுப்பாடின்மை ஆகியன தோன்றக்கூடும். இதனை வயதின் கோளாறு என்றோ பிடிவாதம் என்றோ கருதிவிடாதீர்கள். நோயாளி தாமே இதை உணர்வது அரிது; உடன் வாழும் உங்கள் கண்ணுக்கே இது முதலில் படும். ஆகவே, குறைந்தது ஆறு வாரங்கள் அவரைக் கவனித்து, நாள் குறிப்பிட்டு எழுதி வைத்து, மறுபரிசோதனையின்போது மருத்துவரிடம் காட்டுங்கள். பலருக்கு இப்பாதிப்புகள் காலப்போக்கில் குறைகின்றன.

நச்சு உருவான காரணத்தைச் சரிசெய்யாமல் அதே அறைக்கோ பணியிடத்திற்கோ திரும்ப வேண்டாம். கேஸ் கீசரைத் தகுதி பெற்றவரைக் கொண்டு குளியலறைக்கு வெளியே மாற்றி அமையுங்கள். புகைபோக்கியில் அடைப்பு இருந்தால் நீக்குங்கள். இயலுமாயின் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறை அருகே பொருத்துங்கள். கூண்டிலிருந்த சிறு பறவை செய்த பணியை, உறங்காமல் அது உங்களுக்குச் செய்யும்.

தம் மூச்சைப் பணயம் வைத்து ஹால்டேன் பெற்ற அறிவு, இன்று ஒரு சன்னலைத் திறப்பதிலும், ஓர் என்ஜினை வெளியே வைப்பதிலும், கிணற்றில் இறங்கத் துடிக்கும் ஒருவரின் கையைப் பிடித்து நிறுத்துவதிலும் பயன்பட வேண்டும். இன்றிரவு உறங்கச் செல்லுமுன், உங்கள் வீட்டில் எரிபவை அனைத்தும் அணைந்துள்ளனவா, காற்று வந்துபோக வழி உள்ளதா என்று ஒருமுறை பாருங்கள்.

பொதுவான உடல்நல ஆலோசனைக்கு 104 உதவி எண்ணையும், அவசர நிலையில் 108ஐயும் அழைக்கலாம். இப்பக்கம் பொது அறிவுக்காக மட்டுமே. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு இது மாற்றாகாது.